பற்கம்பிச் சிகிச்சையின்போது முரசுப் (பல் ஈறு) பராமரிப்பு புறக்கணிக்கப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,
யாழ்ப்பாணக் கிளை.

ஐயா / அம்மணி,

தங்கள் நிலையத்தில் என் மகள் பற்களுக்கு நிலையான கம்பி போட்டுச் சிகிச்சை பெற்று வருகிறாள். பற்கள் ஒழுங்குக்கு வருவதில் குறையேதும் இல்லை; வைத்தியரின் கைவேலை நேர்த்தியானது. என் முறைப்பாடு முரசைப் பற்றியது.

கடைவாய்ப் பல்லில் மாட்டிய வளையத்தின் ஓரமாக முரசு சிவந்து தடித்து, தூரிகை பட்டதும் இரத்தம் கசிவதை நாங்கள் காட்டியபோது, கம்பி போட்டவர்களுக்கு இது வழமைதான் என்ற தங்கள் உதவியாளர், அவ்விடத்தைத் துலக்காமல் விடும்படியும் கூறினார். பற்படலம் (பல்லில் படியும் கிருமிப் படிவு) அகற்றப்படாமல் தங்குவதாலேயே முரசு அழற்சியடைகிறது என்பதும், பிறக்கற்றும் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) கம்பியும் அது தங்க வசதி செய்கின்றன என்பதும், பதின்பருவ ஓமோன் மாற்றங்கள் வீக்கத்தைக் கூட்டும் என்பதும் பல் வைத்தியத்தின் அரிச்சுவடி. அப்படியிருக்க, இரத்தம் கசியும் இடத்தை மென்மையாக, ஆனால் தவறாமல் துலக்கும்படியல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அதற்குப் பதிலாக 0.2 சதவீத குளோரெக்சிடின் வாய்கொப்பளிப்பு மருந்தை விற்று, கம்பி கழற்றும்வரை நாளாந்தம் பாவிக்கச் சொன்னார்கள். பற்களில் கபிலக் கறை படியச் செய்து சுவையையும் மாற்றுவதால், அது குறுகிய காலத்துக்கே பரிந்துரைக்கப்படுவது. பற்பசையால் துலக்கிய கையோடு கொப்பளித்தால் அதன் பலனும் குறையும். இவற்றில் எதையும் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குழம்பில் உப்பே இல்லையென்று பிள்ளை தட்டை ஒதுக்கத் தொடங்கிய பின்னரே காரணம் விளங்கியது. இப்போது பிறக்கற்றுகளைச் சுற்றிக் கறையும் தெரிகிறது.

வேறொரு பல் வைத்தியர் பரிசோதித்து, வளையத்தின் கீழ் முரசோரத்தில் வழிந்து இறுகிய சீமெந்தையும் (வளையத்தை ஒட்டும் பசை) அதன்மேல் படிந்த காரையையும் (இறுகிய பற்படலம்) காட்டினார். கட்டணப் பொதியில் பற்சுத்திகரிப்பும் அடங்கும் என்று தங்கள் ஒப்பந்தப் பத்திரம் கூறுகிறது. ஆனால் சிகிச்சை அட்டையிலோ 0.014, 0.016 அங்குலம் என்று கம்பியின் தடிப்பு மட்டுமே பதியப்பட்டிருக்கிறது. முரசைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே, எஞ்சிய சீமெந்தையும் காரையையும் கறையையும் மேலதிகக் கட்டணமின்றி அகற்றி, மருந்துக்கு அறவிட்ட பணத்தைத் திருப்பித் தந்து, இனி ஒவ்வொரு வருகையிலும் முரசைப் பரிசோதித்து அட்டையில் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன். கம்பிக்கு அடியிலும் பல்லிடுக்கிலும் நுழையும் சிறு தூரிகையைப் பாவிக்கும் விதத்தையும் பிள்ளைக்குக் கண்ணாடி முன் காட்டிக்கொடுக்க வேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் கிடைக்காவிடில், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன்.

ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, சிகிச்சை அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சிகிச்சை பெறுபவரின் தாய்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.