காய்ச்சலோடு போனதற்கு ஒரு சான்றிதழ்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். ஃப்ளூ பரவுகிறது, பள்ளிகள் தயாராக வேண்டும் என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டு மேல் இருக்கிற ஒரு அட்டைதான் ஞாபகத்துக்கு வரும். போன வருஷம் ஆண்டு விழாவில் என் மகளுக்குக் கொடுத்தது, 'நூறு சதவீத வருகை' என்று தங்க எழுத்தில் போட்டு, லேமினேட் பண்ணியது.

அந்த நூறில் மூன்று நாள் அவள் காய்ச்சலோடு போனாள். அனுப்பி வைத்தது நான்தான். திங்கட்கிழமை காலையில் 101 டிகிரி. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறேன், வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது, பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளும் இல்லை, அவளோ "லீவு போட்டா சர்ட்டிபிகேட் போயிடும்மா" என்று கண்ணைக் கசக்குகிறாள். சரி என்று பாராசிட்டமால் கொடுத்து ஸ்வெட்டரை மாட்டி அனுப்பிவிட்டேன். மாத்திரை வேலை செய்கிற நாலைந்து மணி நேரம் நன்றாகத்தான் இருந்தாளாம், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தாளாம். அடுத்த திங்கட்கிழமை 41 பேர் இருக்கிற வகுப்பில் 16 பேர் வரவில்லை. எங்கள் வீட்டு மகராசி போயிருந்தாள்.

எல்லாம் அவளிடமிருந்துதான் பரவியது என்று நான் சொல்லவில்லை. ஃப்ளூ உடம்பில் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும், பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிக நாள் பரப்புவார்கள், அதனால் யாரிடமிருந்து யாருக்கு என்று கணக்குப் போட முடியாது. ஆனால் காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது ஒரு பக்கம் இருக்க, ஒரு நாள்கூட வீட்டில் இருக்காத பிள்ளையை மேடையில் ஏற்றிக் கைதட்டுவது இன்னொரு பக்கம் நடக்கிறது. முதலில் இந்தப் பரிசை நிறுத்துங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

நம் பள்ளிகளுக்குத் தெரிந்த ஒரே தயாரிப்பு லீவு விடுவது. 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது புனேயில் பள்ளிகளை மூடினார்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 என்கிற ஒரு வகை ஃப்ளூ வந்தது என்று புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் லீவு விட்டார்கள். ஃப்ளூ பிள்ளைகள் மூலமாகத்தான் வேகமாகப் பரவும், அதனால் சில நாள் மூடுவதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் ஒன்றாம் தேதிதான் திறந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன், அதுவும் லோடு ஆட்டோ ஓட்டுகிற என் கணவர் கையில். அவர் ராத்திரி திரும்பிய பிறகுதான் காலையில் வந்த பாடத்தை இவள் பார்ப்பாள். மறுபடியும் மூட வேண்டி வந்தால் பாடம் எப்படி, மதியச் சாப்பாட்டை நம்பி இருக்கிற பிள்ளைகளுக்குச் சோறு எப்படி என்று எந்தப் பள்ளியாவது இன்றைக்கே எழுதி வைத்திருக்கிறதா?

மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. மகள் பள்ளியில் கை கழுவ ஆறு குழாய், தண்ணீர் வருவது இரண்டில். ஒரு நைலான் வலைப்பையில் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், இப்போது வலை மட்டும் தொங்குகிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய, காலால் மிதிக்கிற சானிடைசர் ஸ்டாண்டு துருப்பிடித்து, தலைமை ஆசிரியர் அறை வாசலில் பூந்தொட்டி தாங்குகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்வது சுலபம், ஆனால் வரிசையாகக் கன்டெய்னர் லாரி நிற்கிற ரோட்டில் ஜன்னலைத் திறந்தால் புழுதிதான் உள்ளே வரும், டீச்சர் மூடாமல் என்ன செய்வார்? உள்பக்கத்து ஜன்னலையாவது பெரிதாக்கலாம்.

அப்புறம் வருகைப் பதிவு. தினமும் காலையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று போனிலேயே ஏற்றிவிடுகிறார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. 16 பிள்ளைகள் ஒரே நாளில் வரவில்லை என்றால், அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட வேண்டாமா? தொற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருக்கிற தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறேன். 1957இல் உலகத்தையே சுற்றி வந்த ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்ததே சிங்கப்பூரிலிருந்து நம் ஹார்பருக்கு வந்த கப்பலில்தான் என்று சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் தனியாகப் படுக்க வைக்க ஒரு அறையும் பாயும் வேண்டும், அம்மாவுக்குப் போன் செய்ய ஒரு ஆள் வேண்டும். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஃப்ளூ அவர்களைத்தான் அதிகம் படுத்தும். வர முடியாத பிள்ளைக்குப் பாடத்தையும் விட்டுப்போன டெஸ்ட்டையும் பிறகு கொடுப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னை மாதிரி அம்மாக்கள் மாத்திரை கொடுத்து அனுப்புவது பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்கு எங்கள் கம்பெனி முதலாளிகள் மனசு வைக்க வேண்டும், அது வேறு கதை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்கப் போகிறேன். போன கூட்டத்தில் அந்த நாலு குழாயைப் பற்றிக் கேட்டதற்கு, பிளம்பருக்குச் சொல்லியிருக்கிறோம், வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா,
தண்டையார்பேட்டை, சென்னை 81.