வளைவில் யாரையும் துரத்தாதீர்கள்: பைக் கிளப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஞாயிறு தோறும் கூட்டமாக வண்டி எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் நெல்லிக்குப்பத்துக்காரன். புல்லட் ஓட்ட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. உங்களில் ஒரு கிளப்போடு ஆறு வருடமாக மாதம் ஒருமுறை வருகிறேன், பெரும்பாலும் கடைசி வண்டியாக. முன்னால் போகிறவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பது கடைசி வண்டிக்காரனுக்குத்தான் தெரியும்.

பங்குனியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வண்டி. காலை ஐந்தரைக்குக் கன்னியகோயிலில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். பாகூர், சொர்ணாவூர் பக்கம் சுற்றிவிட்டு, அப்புறம் பண்ருட்டி வழியாக வடலூர் போய்த் தருமச்சாலையில் மதியம் சாப்பிடுவது என்று திட்டம். பாகூர் தாண்டியதும் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்து கூட்டத்தை இரண்டாக வெட்டிவிட்டது. முன்னால் இருந்த ஏழு பேர் நிற்காமல் போய்விட்டார்கள். பின்னால் மாட்டியவர்களில் முதல் ஆள், அன்றைக்கு மூன்றாவது தடவையாக வந்த ஒரு பையன். வண்டி வாங்கி நாலு மாதம். ஆடுகள் விலகியதும் ஆக்சிலரேட்டரை முறுக்கினான். வழி தெரியாது, முன்னால் யாரும் கண்ணில் படவில்லை. பயம் வராமல் என்ன செய்யும்?

வாய்க்கால் மதகைத் தாண்டியதும் இடப்பக்கம் சட்டென்று ஒரு வளைவு. வளைவுக்குள் பாதிச் சாலைக்கு உளுந்துச் செடி பரப்பியிருந்தது. வண்டி சாய்ந்திருக்கும்போதே முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். நான் போய்ச் சேரும்போது வண்டி ஒருபுறம், அவன் ஒருபுறம். தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஜாக்கெட்டின் கழுத்துக்குள்ளும் கையுறைக்குள்ளும் உளுந்து மணிகள்.

கையில் முறத்தோடு ஓர் அம்மா ஓடி வந்தார். முறத்தைப் போட்டுவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயில் ஊற்றினார். நம் ஆட்களில் இரண்டு பேர் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். "ரோடு உங்க வீட்டுக் களமா?" என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மா, "வண்டி ஏறினாத்தானே ராசா உளுந்து உதிரும், களம் எங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

சாலையில் தானியம் காயப்போடுவது ஆபத்துதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்கு ஊர் நல்ல களம் வேண்டும் என்று ஊராட்சியில் கேட்க வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் களம் வரும்வரை தை முதல் சித்திரை வரை நெல்லும் உளுந்தும் மல்லாட்டையும் (நிலக்கடலை) சாலையில்தான் கிடக்கும். அது தெரிந்தே நாம் அந்தப் பக்கம் போகிறோம்.

நம் பக்கத்து வளைவுகள் மலைச்சாலை வளைவுகள் போல இல்லை. ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் கொண்டை ஊசி வளைவுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். இங்கே ஏரிக்கரை திரும்பினால் சாலையும் திரும்பும், வாய்க்கால் ஒடிந்தால் சாலையும் ஒடியும். வரப்பு முடிகிற இடத்தில் செங்குத்தாக ஒரு திருப்பம் வரும். அதற்குப் பெரும்பாலும் பலகை கிடையாது. ஒரே வளைவு மாதத்துக்கு மாதம் மாறும். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும்போது எதிரே வரும் டிராக்டர் தெரியாது. வெட்டியபிறகு அரை கிலோமீட்டர் வரை தெரியும், ஆனால் அப்போது ஆலைக்குப் போகிற டிரெய்லரிலிருந்து விழுந்த கரும்பு தரையில் கிடக்கும். நடவு நேரத்தில் டிராக்டர் சக்கரம் வயல் சேற்றைச் சாலையில் அப்பிவிட்டுப் போகும். பண்ருட்டி பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண் வளைவின் ஓரத்தில் மாவு போலப் படிந்திருக்கும். போன மாதம் வந்த வேகத்திலேயே இந்த மாதமும் வளைவுக்குள் போகலாம் என்று நினைப்பது தப்பு.

"ஏபிஎஸ் இருக்கே" என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி அது. 125 சிசிக்கு மேல் வரும் வண்டிகளுக்கு 2019 முதல் கட்டாயம், நல்ல விஷயம். அந்தப் பையன் வண்டியிலும் இருந்தது. டயருக்கு இருக்கும் பிடி ஒன்றுதான். சாய்வதற்கும் பிரேக்குக்கும் அதைத்தான் பங்கு போட வேண்டும். உருளுகிற உளுந்தின் மேல் பங்கு போட என்ன இருக்கிறது? வேகத்தை வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட வேண்டும்.

இது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் நடக்கிறது என்றால், கூட்டம் இழுக்கிறது. லீடர் ஊர் எல்லையில் நிதானித்து, தாண்டியதும் 50-க்கு வருவார். அப்போது பின்னால் இருப்பவர்கள் இன்னும் ஊருக்குள் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். விட்ட இடைவெளியைப் பிடிக்க நடுவில் இருப்பவர் 60, கடைசியில் இருப்பவர் 75 போக வேண்டியிருக்கும். 60-ல் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறோம். முன்னால் ஓட்டுகிறவர் அனுபவசாலி, பின்னால் துரத்துகிறவர் புதியவர்.

நான் கேட்பது ஒன்றுதான். பிரிகிற ஒவ்வொரு சாலையிலும் ஒருவர் நிற்கட்டும். லீடர் கை காட்டியதும் அவருக்கு அடுத்து வருகிறவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஓரமாக நிற்க வேண்டும். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசி வண்டி வந்தபிறகுதான் அவர் கிளம்பி, அதற்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் வேறொருவர் நிற்பார். இப்படிச் செய்தால் முன்னால் யாரும் தெரியாவிட்டாலும் புதியவருக்குப் பதற்றம் வராது. திருப்பத்தில் ஒருவர் தனக்காகக் காத்திருக்கிறார் என்று தெரியும். ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் இண்டர்காம் இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள், எல்லோரிடமும் அது இல்லை.

இதோடு ஒட்டியவை சில. பதினெட்டு பேரை ஆறு ஆறாகப் பிரியுங்கள். புதியவரை லீடருக்குப் பின்னாலேயே வையுங்கள். நேர்ச்சாலையில் வலம் இடமாக மாறி மாறிப் போகலாம், வளைவில் ஒற்றை வரிசைதான்.

இன்னொன்றும் அன்றைக்குப் பட்ட அவதி. 108-க்குப் போன் போட்டபோது எந்த ஊர் என்று கேட்டார்கள், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே எல்லைக்கோடு வளைந்து வளைந்து போகிறது. ஒரே சாலையில் புதுச்சேரி வரும், தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். கடைசியில் அந்த அம்மாதான் போனை வாங்கி ஊர்ப் பெயரும் கோயில் அடையாளமும் சொன்னார். கிளம்புவதற்கு முன் வழியில் வரும் ஊர்களை ஒரு தாளில் எழுதி, எது எந்த மாநிலம் என்று குறித்து எல்லோரிடமும் கொடுங்கள்.

நேரமாகிவிடும் என்று யாரும் சொல்ல வேண்டாம். வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நாம் அரை மணி நேரம் தாமதமாகப் போனாலும் அங்கே சாப்பாடு இருக்கும்.

பையனுக்கு எலும்பு கூடிவிட்டது. மறுபடி வர ஆசைப்படுகிறான், அவன் அம்மா சம்மதிக்கவில்லை. திருப்பத்தில் ஆள் நிற்கும் என்று கிளப் முடிவெடுத்தால் நானே வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன். அதற்கு முன்னால், அன்று கத்திய இரண்டு பேரும் என்னோடு பாகூர் பக்கம் வர வேண்டும். நாம் மிதித்துப் பாழாக்கிய உளுந்து எத்தனை மரக்கால் என்று அந்த அம்மாவிடம் கேட்டு, காசைக் கையில் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கன்னியகோயில் டீக்கடையில் நிற்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைசி வண்டிக்காரன்