நெதர்லாந்து விவசாயிகள் மீது பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெதர்லாந்தின் வேளாண்மை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு, வேளாண் ஏற்றுமதி மதிப்பில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்படுவதையும், வேளாண் ஆராய்ச்சிக்குப் பேர்போன வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் பெருமையையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் 2019 முதல் நைட்ரஜன் கட்டுப்பாடுகளை எதிர்த்து டிராக்டர்களோடு சாலைக்கு வந்த விவசாயிகளை, இயற்கையைக் காக்க மனமில்லாதவர்கள் என்று கடைசிப் பத்தியில் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது அரசும், அந்நாட்டின் வேளாண் அமைச்சகமும்தான்.

1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் ஏறத்தாழ 20,000 பேர் பட்டினிக்குப் பலியானார்கள். போர் முடிந்தவுடன் வேளாண் அமைச்சரான சிக்கோ மான்ஸ்ஹோல்ட் 1958 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இனி அந்த மண்ணில் பஞ்சம் வரக்கூடாது என்பதே அவர் காலத்துக் கொள்கை. ஆராய்ச்சி, விரிவாக்கப் பணி, கல்வி மூன்றையும் அமைச்சகம் தன் கையில் வைத்துக்கொண்டு, பெரிய பண்ணை, குறைந்த ஆள், அதிக விளைச்சல் என்று விவசாயிக்குப் பாடம் சொன்னது. சிதறிக் கிடந்த நிலங்கள் ஒன்று சேர்க்கப்பட்டன. வேலிப்புதர்கள் அகற்றப்பட்டன, வளைந்தோடிய ஓடைகள் நேராக்கப்பட்டன. பசித்த தேசத்துக்கு அது தேவைப்பட்டது. அதை நான் குறை சொல்லவில்லை. பசி தீர்ந்த பிறகும் அதே பாதையில் ஓடியதைத்தான் சொல்கிறேன்.

இயற்கைப் பாதுகாப்பு 1982-இல் வேளாண் அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது நல்ல ஏற்பாடு என்கிறார் கட்டுரையாளர். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். உற்பத்தியை வளர்க்கும் கையே அதைத் தட்டிக்கேட்கவும் வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஆடுகளிலிருந்து மனிதர்களுக்குப் பரவும் கியூ காய்ச்சலைப் பார்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இந்த நோய்க்கிருமி, குட்டி ஈனும் ஆடுகளின் நச்சுக்கொடியிலும் கருவறை நீரிலும் பெருமளவில் வெளியேறும். காய்ந்த பின் காற்றில் தூசியோடு பரவி மனிதர்களின் நுரையீரலைத் தாக்கும். 2007-இல் வடக்கு பிரபாண்ட் மாகாணத்தில் தொடங்கி 2010 வரை 4,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவானது. பலர் இறந்தார்கள். பலர் இன்னும் களைப்பு நோயோடு வாழ்கிறார்கள். எந்தப் பண்ணையில் நோய் இருக்கிறது என்ற விவரம் 2009 இறுதி வரை அக்கம்பக்கத்து மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. சினை ஆடுகளைக் கொல்லும் முடிவும் அப்போதுதான் வந்தது. 50,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. அரசு தாமதமாகச் செயல்பட்டது என்று 2010-இல் ஆய்வுக் குழு சொன்னது. ஆடு வளர்த்தவரும் நோயில் விழுந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள். இருவரையும் காக்க வேண்டிய அமைச்சகம் ஒருவரது தொழிலை மட்டும் பார்த்தது என்ற கசப்பு அந்த ஊர்களில் இன்றும் உண்டு.

அதே 2010-இல் வேளாண்மைக்கான தனி அமைச்சகமே கலைக்கப்பட்டு, பொருளாதார அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. 2017-இல் முட்டையில் ஃபிப்ரோனில் பூச்சிமருந்து கலந்த விவகாரம் வெடித்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2016 நவம்பரிலேயே தகவல் வந்திருந்தும் உரிய நடவடிக்கை இல்லை. கோழிப்பேனை ஒழிக்க வந்து அந்த மருந்தை அடித்தவர்களை நம்பிய பண்ணையாளர்களின் லட்சக்கணக்கான முட்டைகள் அழிக்கப்பட்டன. முட்டையை நம்பி வாழும் நாமக்கல் மக்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் தனி அமைச்சகம் மீண்டும் வந்தது.

இனி நைட்ரஜனுக்கு வருகிறேன். கோழிக்கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கண் எரிவது நைட்ரஜன் அடங்கிய அம்மோனியா வாயுவால். மாட்டுச் சாணம், சிறுநீர், பன்றி எரு எல்லாவற்றிலிருந்தும் அது எழுந்து காற்றில் போய் எங்கோ ஒரு காட்டில் படிகிறது. மண் அமிலமாகிறது, சுண்ணாம்புச் சத்து கரைந்து போகிறது. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள வேலுவே காட்டில் அந்தச் சத்து குறைந்து நத்தைகள் அருகியதால், பட்டாணிக்குருவிக் குஞ்சுகள் கால் எலும்பு முறிந்து கூட்டில் கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கால்சியம் குறைந்த கோழி இடும் தோல்முட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்குத் தீர்வாக 2015-இல் அரசு கொண்டுவந்த திட்டம், பின்னால் குறையப்போகும் நைட்ரஜனைக் கணக்கில் வைத்து இன்றே புதிய அனுமதி வழங்கியது. அடுத்த போகத்தில் விளையப்போகும் நெல்லைக் காட்டி இன்று கடன் வாங்குவதைப் போன்றது இது. பால் உற்பத்திக்கு இருந்த ஐரோப்பிய வரம்பு நீங்கிய ஆண்டும் அதுவே. மாடுகள் பெருகின. 2019 மே 29 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்றது. நைட்ரஜன் அனுமதி கிடைக்காமல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கட்டுமானத் திட்டங்கள் முடங்கின. வாகனப் புகையின் நைட்ரஜனைக் குறைக்க, நெடுஞ்சாலைகளில் பகல் வேகம் 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

நான் மிகவும் வருந்துவது இன்னொரு கூட்டத்தாருக்காக. வெளியேற்றம் குறைவாக இருந்தால் உரிமம் வேண்டாம், தகவல் தெரிவித்தாலே போதும் என்று அந்தத் திட்டம் சொல்லியிருந்தது. அதை நம்பித் தகவல் கொடுத்து, கடன் வாங்கிக் கொட்டகை கட்டிய 2,000-க்கும் மேற்பட்ட விவசாயிகள் தீர்ப்புக்குப் பின் சட்டவிரோதமாகத் தொழில் செய்பவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. அரசு சொன்ன படிவத்தை அரசு சொன்ன முறையில் நிரப்பிக் கொடுத்தார்கள். 2025 தொடக்கத்துக்குள் சரிசெய்வதாகச் சொன்ன கெடுவும் கடந்து, பெரும்பாலோர் உரிமமின்றியே நின்றார்கள். சாலைக்கு வந்தவர்களில் இவர்களும் உண்டு.

2022 ஜூனில், நைட்ரஜன் வெளியேற்றத்தைச் சில பகுதிகளில் 95 விழுக்காடு வரை குறைக்க வேண்டும் என்று ஒரு வரைபடத்தை அரசு வெளியிட்டது. யாருடைய பண்ணை மிஞ்சும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அடுத்த மார்ச்சில் விவசாயிகள் கட்சி மாகாணத் தேர்தலில் வென்றது. 2024-இல் அக்கட்சியே வேளாண் அமைச்சகப் பொறுப்பையும் ஏற்றது. மாற்றத்துக்கென ஒதுக்க எண்ணியிருந்த சுமார் 2,400 கோடி யூரோ நிதியைப் புதிய கூட்டணி அரசு கைவிட்டது. இதனால் விவசாயிக்கும் நன்மை இல்லை. 2025 ஜனவரியில் ஹேக் மாவட்ட நீதிமன்றம், நைட்ரஜனால் பாதிக்கப்படும் இயற்கைப் பகுதியில் பாதியையாவது 2030 இறுதிக்குள் பாதுகாப்பான அளவுக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. காலம் சுருங்கியது, பணமும் இல்லாமல் போனது.

இங்கிருந்து அதிகாரிகளும் பண்ணையாளர்களும் நெதர்லாந்துக்குப் பயணம் போகிறார்கள். கண்ணாடிக் குடில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வேலுவே காட்டையும் வடக்கு பிரபாண்ட் கிராமங்களையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். கட்டுரை தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் அந்த உரிமமற்ற விவசாயிகளின் நிலையையும், கியூ காய்ச்சல் ஆய்வுக் குழு சொன்னதையும் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பகுதியின் கடைசிப் பத்தியையும் திருத்தி வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்.