காட்டுக் கல்லும் கன்டோனும்

பீல், சுவிஸ்
மாசி 2026

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். காலபோக அறுவடை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். "உங்கட சமஷ்டி அப்படி என்னதான் செய்யுது?" என்று நக்கலாகக் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதுதான் எழுதுகிறேன்.

இங்கே நம்ம மாகாணம் மாதிரி 26 கன்டோன்கள். பள்ளிக்கூடம், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அவற்றின் கையில். மத்திய அரசுக்குச் சேர வேண்டிய வருமான வரியைக்கூடக் கன்டோன்தான் அறவிட்டுக் கொடுக்கும். இராணுவம், வெளிவிவகாரம், சுங்கம், நாணயம் மத்திக்கு. அரசியலமைப்பில் மத்திக்கென்று எழுதாத எதுவும் கன்டோனுக்கே. மத்திக்குப் புது அதிகாரம் வேண்டுமென்றால் வாக்கெடுப்பில் மக்களில் பாதிக்கு மேலும் கன்டோன்களில் பாதிக்கு மேலும் சம்மதிக்க வேண்டும்.

பக்கத்தில் மூத்தியே என்று பிரெஞ்சு பேசுகிற சின்னப் பட்டணம். ஜூரா 1979இல் பேர்ண் கன்டோனிலிருந்து பிரிந்து தனிக் கன்டோனானபோது இது பேர்ணோடேயே நின்றுவிட்டது. இழுபறி ஓயவில்லை. (தீவைப்பு, குண்டு எல்லாம் அறுபதுகளில் இங்கேயும் நடந்ததுதான்.) ஜூராவுக்கு மாறுவதா என்று 2017இல் வைத்த வாக்கெடுப்பு ஒழுங்கீனம் என்று ரத்தானது. 2021இல் திரும்ப வைத்து, இந்த ஜனவரி முதலாம் திகதி ஊரோடு ஜூராவுக்கு மாறிவிட்டார்கள். அங்கிருக்கிற நம்ம பெடியன் ஒருவனுக்குக் கார்த் தகட்டில் இருக்கிற பேர்ண் கரடிச் சின்னம் போகப்போகிறதே என்ற கவலை. அது கிடக்கட்டும், ஜூராவில் போதிய காலம் இருந்த வெளிநாட்டவர் கன்டோன் விஷயங்களில் வாக்களிக்கலாம். பேர்ணில் எனக்கு அது இல்லை.

சரி, உங்கள் காணிக்கு வருகிறேன். இங்கே காட்டை அழிக்கக்கூடாது என்று சட்டம் போடுவது மத்தி. ஆனால் எந்த நிலம் காடு, எது இல்லை என்று முடிவெடுப்பது கன்டோன். நீங்கள் உழுத மேட்டுக்காணியைக் காடு என்று கல் நாட்டிவிட்டுப் போனார்களே, அதைக் கேட்க நமது மாகாணத்துக்கு வாயில்லை. 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்தும் அரச காணி குடியரசிடமே. அது சொன்ன தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. பொலிஸ் அதிகாரமும் தாளோடு சரி. வட மாகாண சபைக்கு 2013இல் ஒரு தேர்தல் வைத்தார்கள். 2018இல் காலம் முடிந்த பிறகு ஆளுநரோடேயே ஓடுகிறது.

இங்கேயும் வரியும் மருத்துவக் காப்புறுதியும் கன்டோனுக்குக் கன்டோன் வேறு. அந்தப் புலம்பலைப் பிறகு எழுதுகிறேன்.

காணி அனுமதிப்பத்திரத்தை வட்ஸப்பில் அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. வவுனியாவில் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா மருந்தை ஒழுங்காக எடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்