பாப்பாவுக்கு, குடியாத்தத்திலிருந்து

அன்புள்ள பாப்பா,

இங்கே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகலில் வெளியே போகாதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னால் கட்டாயம் போவார், அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அத்தை வீட்டில் எல்லாரும் வருகிறார்கள். நீ எப்போது வருவாய் என்று கேட்பார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். சாப்பிடுகிறாய் அல்லவா?

டீச்சர்களை அளப்பது பற்றி நீ எழுதி, பொங்கலுக்கு முன்னால் அனுப்பியதை முழுக்கப் படித்துவிட்டேன். அமெரிக்காவில் கேரி என்ற ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஹனுஷெக் என்ற பொருளாதார அறிஞர் பார்த்த கணக்கு: ஒரே வருஷத்தில் நல்ல டீச்சரிடம் ஒன்றரை வருஷப் படிப்பு ஏறுகிறது, மோசமானவரிடம் அரை வருஷம்தான். இதைத் தெரிந்துகொள்ள எங்களை மாதிரி டீச்சர்களுக்குப் பொருளாதாரம் வேண்டாம், பக்கத்து வகுப்பின் சத்தம் போதும். ஆனால் பிள்ளை போன வருஷம் எங்கே இருந்தது என்று பார்த்து, அதற்கு மேல் ஏறியதை மட்டும் டீச்சர் கணக்கில் வைக்கிறார்கள் பார், அது நியாயம். எங்களை ஆய்வு செய்ய வந்தவர்கள் தேர்ச்சி விழுக்காட்டைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை. இந்தோனேசியாவில் ஆசிரியரின் அடிப்படைச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கியும் பிள்ளைகளின் படிப்பு ஏறவில்லை என்ற பக்கத்தை அப்பாவிடம் காட்டவில்லை. என் பென்ஷனை இழுப்பார்.

அப்புறம், ஒரு சந்தேகம். அம்மாவோடு பீடி சுற்றிக்கொண்டு, தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போக இருந்த பிள்ளையை வீடு தேடிப்போய் அழைத்து வந்து எட்டாவது வரை உட்கார வைத்தோம். ராத்திரி எல்லாம் பீடி சுற்றுகிறவளுக்கு மார்க் எங்கே ஏறும்? அவளால் வகுப்பின் ஏற்றமே குறையும். பரீட்சையன்று அவள் வராமல் இருந்தால் டீச்சருக்கு நல்ல பெயர். இதை உங்கள் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்? உன் பேராசிரியரிடம் கேள்.

அவரைப் பார்க்கிறாய் அல்லவா? பொங்கலுக்கு அப்புறம் அவர் பேச்சையே நீ எடுக்கவில்லை. சும்மாதான் கேட்டேன். சித்தி மகள் ஏதோ சொன்னாள், அதை விடு. 'என் பொண்ணு டீச்சருக்கே மார்க் போடுது' என்று அப்பா டீக்கடையில் சொல்லிவிட்டு வருகிறார். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த எனக்குப் போன் செய்ய மட்டும் அந்தப் பொண்ணுக்கு நேரமில்லை.

சரி, கோபித்துக்கொள்ளாதே. படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. இரண்டு வருஷமானாலும்தான். லோன் தவணை என் பென்ஷனில் பிடித்தம் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, அதை நீ யோசிக்காதே. வேளைக்குச் சாப்பிடு. சோறு வடிக்க முடியாவிட்டால் ரசமாவது வை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடு. உனக்குச் சனி ராத்திரி. வீடியோவில் வா, கேமராவை அணைக்காதே. அப்பா அப்போது மார்க்கெட்டுக்குப் போயிருப்பார்.

அம்மா