கண்ணு, மஞ்சக் கடுதாசி பத்தி வக்கீலம்மாகிட்ட கேட்டுட்டு வந்தேன்

கண்ணு, நாலு நாளா நீ போன் எடுக்கல, அதான் உக்காந்து டைப் பண்றேன். தப்பும் தவறுமா இருக்கும், ஆனா முழுசா படிச்சிரு சாமி, பாதியில விட்டுறாத.

நேத்து மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஈரோடு கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலம்மாவப் பாத்துட்டு வந்தேன். உன்னக் கேக்காமப் போனது தப்புதான். ஆனா போன வாரம் மருமக அழுதுக்கிட்டே "ஐ.பி. குடுத்துரலாம்னு சொல்றாருங்கத்தை"ன்னு சொன்னதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. ஐ.பி.ன்னா அந்த மஞ்சக் கடுதாசிதான், கடன கட்ட முடியலன்னு கோர்ட்டுல குடுக்கற திவால் மனு.

நம்ம தெருவுல ஜமக்காளத் தறி போட்டிருந்த ஒருத்தரு மஞ்சக் கடுதாசி குடுத்தாரு, நீ அப்ப சின்னப் பையன். அவரு சம்சாரம் தண்ணி புடிக்க வந்தா நாங்க எல்லாரும் பேச்ச நிறுத்திருவோம், நானுந்தான். ஒரு வருசத்துல வீட்டக் காலி பண்ணிட்டு போயிட்டாங்க. அந்தம்மா மொகம் ரெண்டு நாளா கண்ணுக்குள்ளயே நிக்குது, எவ்ளோ பெரிய பாவம் பண்ணிருக்கேன். கடன கட்ட முடியலைங்கறது திருட்டு இல்ல கண்ணு. வக்கீலம்மாவும் அதேதான் சொன்னாங்க, 1980லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சாம், கட்ட வழியில்லாதவன கடனுக்காக மட்டும் ஜெயில்ல போடக்கூடாதுன்னு. காச வச்சுக்கிட்டே கட்ட மாட்டேன்னு ஏமாத்துறவன் கதை வேற. நீ அப்படிப்பட்டவன் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

இப்ப ஐ.பி. விசயம். நம்ம ஊருப் பக்கத்துக்கு இன்னும் 1920ல வெள்ளக்காரன் போட்ட சட்டந்தான் ஓடுதாம், மெட்ராசுக்கு தனியா 1909 சட்டம். 2016ல வந்த புது திவால் சட்டத்துல தனி ஆளுங்களுக்கும் ஒரு பகுதி இருக்குது, ஆனா அது இப்பவரைக்கும் கம்பெனிக்கு கேரண்டி போட்டவங்களுக்கு மட்டுந்தான் அமலுக்கு வந்திருக்குது, அதனால நமக்கு அந்தப் பழைய சட்டந்தான், சப் கோர்ட்டுல மனு போடணும். 500 ரூவா கடன் இருந்தாலே போடலாம்னு அதுல இருக்குதாம்.

குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நாம நெனைக்கறோம் பாரு, அங்கதான் தப்பு. மனு போடுறது ஆரம்பம். கோர்ட்டு உன்ன இன்சால்வென்ட்னு, அதாவது திவாலானவன்னு சொன்னதும் உன் சொத்து கோர்ட்டு வைக்கற ரிசீவர் கைக்குப் போயிரும், அவரு வித்து கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாரு. கட்டியிருக்கிற துணி, சட்டி பானை, மருமக தாலி, நீயே உக்காந்து தொழில் பண்ற சாமான், பி.எஃப். பணம் இதுல எல்லாம் கை வைக்க மாட்டாங்க. ஆனா வீடு போகும். அப்புறம் ஜட்ஜு குடுத்த டைமுக்குள்ள டிஸ்சார்ஜ், அதாவது கடன்ல இருந்து விடுதலை வேணும்னு நீ தனியா மனு போடணும், அத மறந்தா முன்னாடி வாங்குன ஆர்டரே ரத்தாயிருமாம். டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் 50 ரூவாயோ அதுக்கு மேலயோ யாருகிட்டயாவது கடன் வாங்குனாக்கூட நான் இன்சால்வென்ட்னு சொல்லிட்டுத்தான் வாங்கணும், மறைச்சா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். மளிகைக் கடைக்காரர்கிட்ட நின்னு இதச் சொல்ல உனக்கு வாய் வருமா?

இன்னொண்ணு கேட்டதும் எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. ஐ.பி. குடுத்தா கடன் உன் தலைய விட்டு எறங்கும், ஜாமீன் போட்டவங்க தலைய விட்டு எறங்காது. மிசின் லோனுக்கு ஜாமீன் யாருன்னு உனக்குத் தெரியும்ல? மாப்பிள்ளை என் பக்கத்துலயே உக்காந்துட்டு இருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. வெளிய வந்து டீ வாங்கிக் குடுத்துட்டு "மச்சான் நல்லா இருந்தாப் போதுங்கத்தை"ன்னாரு. அந்த மனுசனுக்காகவாவது அவசரப்படாத. மிசினும் பேங்குக்கு அடமானத்துல இருக்குது, ஐ.பி. இருந்தாலும் பேங்க்காரங்க அதத் தூக்கலாம்.

அப்புறம் அந்த செக்கு. நூல் கடைக்கு கையெழுத்துப் போட்டு வெறும் செக்கா ரெண்டு குடுத்திருக்கறதா மருமக சொல்லுச்சு. ஐ.பி. குடுத்தாலும் செக் கேஸ் பாட்டுக்கு நடக்கும், அது தனி, ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி செக்குத் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டுமேன்னு இருக்குது. செக்கு திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தா 15 நாள்தான் டைம், தபால்காரர்கிட்ட வாங்காம திருப்பி அனுப்பாத, அது தப்பிக்கிற வழி இல்ல. அந்த கேஸ எப்ப வேணா பேசி முடிச்சுக்கலாமாம், லோக் அதாலத்துங்கற சமரசக் கோர்ட்டுல கூட.

வீட்ட என் பேருக்கு எழுதி வெச்சரலாம்னு சொன்னியாமே, வேண்டவே வேண்டாம் கண்ணு. ரெண்டு வருசத்துக்குள்ள அப்படி சும்மா மாத்துனத கோர்ட்டு ரத்து பண்ணிரும், உம்மேல இருக்கற நாணயமும் போயிரும். அதே மாதிரி ரொம்ப சத்தம் போடுறான்னு ஒருத்தனுக்கு மட்டும் கொண்டுபோய் கட்டாத, மனு போடுறதுக்கு முந்தின மூணு மாசத்துல அப்படி ஒருத்தனுக்கு சாதகமா குடுத்திருந்தா அதையும் திருப்பிக் கேப்பாங்க. இனி மேல ஒரு பேப்பர்லயும் கையெழுத்துப் போடாத. ராத்திரி பத்து மணிக்கு கிரெடிட் கார்டுகாரன் ஆளு கூப்பிடுறானாமே, காலைல 8க்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்கு சொல்லிருக்குது, அந்த நம்பர், நேரம் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையி.

வக்கீலம்மா என்ன சொல்றாங்கன்னா, ஐ.பி.ங்கறது கடைசிக் கதவு, முன்னாடி ரெண்டு மூணு கதவு இருக்குது, அதத் தட்டிப் பாக்கலாங்கறாங்க. பேங்குல எழுதிக் குடுத்து ஒரே தடவ செட்டில்மென்ட் கேக்கலாம், சிபில்ங்கற கடன் ரிப்போர்ட்டுல 'செட்டில்டு'ன்னு விழும், கொஞ்ச வருசம் லோன் கெடைக்கறது கஷ்டம், ஆனா மாப்பிள்ளை கழுத்து தப்பிக்கும், எழுத்துல ஜாமீன்தாரரையும் விடுவிக்கறதா வாங்கணும்னு சொன்னாங்க. எல்லாக் கடனையும் ஒண்ணு விடாம ஒரே பேப்பர்ல எழுதுனாத்தான் எது சரின்னு சொல்ல முடியும்னும் சொன்னாங்க. நீ மருமககிட்ட 17 லட்சங்கற, மாப்பிள்ளைகிட்ட 23ங்கற. வக்கீல்கிட்ட உண்மைய சொல்லு. கந்து வட்டிக்கு வாங்குனதா இருந்தா அதையும் சொல்லு, அதுக்கு 2003ல இருந்து தமிழ்நாட்டுல தனிச் சட்டம் இருக்குது, பயப்படாத.

நேர்மையா வெல பேசி வீட்ட வித்து எல்லாருக்கும் பங்கு போட்டாத் தீரும்னா வித்துரு. அப்பா கட்டுன வீடுன்னு நீ மருகுறது எனக்குத் தெரியும். அப்பா இருந்திருந்தா அவரே வித்துக் குடுத்திருப்பாரு. நான் ஒரு ரூம்ல இருந்துக்குவேன், நீ இருக்கணும் எனக்கு. ராத்திரியில தனியா உக்காந்து கண்டதையும் நெனைக்காத.

வெள்ளிக்கிழமை காலைல 10 மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. லோன் அக்ரிமென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், வந்த நோட்டீஸ், செக்கு புக்கு அடிக்கட்டை, வீட்டுப் பத்திரம் ஜெராக்ஸ், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வா, பிரிக்காத கவரு இருந்தா அப்படியே கொண்டா, நாம சேந்து பிரிச்சுக்கலாம். வியாழக்கெழமை பொழுதோட வந்துரு, மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன்னு சொல்லிருக்காரு. பஸ் ஏறுனதும் ஒரு மிஸ்டு கால் குடு சாமி, பேசக்கூட வேண்டாம்.

அம்மா