செயலாளரின் ஆண்டறிக்கை: ஈரத்தால் கெடும் கனிமங்களின் பாதுகாப்பு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்னையில் இயங்கும் நமது கனிமச் சேகரிப்பாளர் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார். ஆண்டின் பெரும்பகுதி, பொது அலமாரியிலுள்ள மாதிரிகளைக் காப்பதிலேயே சென்றது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது புதிதன்று. பாறையுப்போ ஏறத்தாழ 75 விழுக்காட்டிலேயே காற்றின் நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். பொட்டாசியமும் மக்னீசியமும் கலந்த உப்புக் கனிமமான கார்னலைட்டுக்கு 60 விழுக்காடே போதும். எனவே அலமாரி முழுவதும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்துவிடலாம் என்ற யோசனை செயற்குழுவில் எழுந்தபோது பலரும் ஆதரித்தனர். ஆனால் உப்பைக் காக்கும் வறட்சியே வேறு சிலவற்றைக் கெடுத்துவிடும் என்பதால் அது கைவிடப்பட்டது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் கிடைக்கும் வெண்காரம், வறண்ட காற்றில் தன் படிகநீரில் (படிகத்துக்குள் பிணைந்துள்ள நீரில்) பாதியை இழந்து டின்கால்கோனைட் என்னும் வெள்ளைப் பொடியாக மாறும். தக்காணப் பாறைகளில் கிடைக்கும், நீரைத் தன்னுள் கொண்ட லாமொன்டைட் என்னும் கனிமம் விரிசல்விட்டு உதிரும். அன்னபேதிக்கும் (இரும்பு சல்பேட்) இதே கதிதான். ஆகவே ஒரே அலமாரிக்குள் ஒரே வறட்சி என்ற ஏற்பாட்டை விடுத்து, ஒவ்வொரு மாதிரியையும் அதற்குரிய இறுக மூடும் டப்பாவில் வைத்து, உப்பு வகைகளுக்கு மட்டும் ஜெல் பையைச் சேர்த்தோம்.

ஈரமானிகளையும் சோதித்தோம். பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மானியோடு ஒரு பையில் அடைத்து இரவு முழுவதும் வைத்தால், அது 75 காட்ட வேண்டும். ஒன்று 68 காட்டியது. அந்த வேறுபாட்டை அதன் முதுகிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோடு கிடைத்த மார்க்கசைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) துண்டுதான் மிகுந்த கவலை அளித்தது. அதன் விளிம்பில் சாம்பல் நிறப் பொடி பூத்து, கந்தக நெடி வீசியது. ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கிய கந்தக அமிலம் அடியிலிருந்த பெயர்ச்சீட்டைப் பழுப்பாக்கித் துளைத்திருந்தது. வார்னிஷ் பூசினால் போதும் என்று சில உறுப்பினர்கள் சொன்னாலும், பூச்சைக் கடந்தும் நீராவி உட்புகும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. நீரில் கழுவாமல், பொடியை உலர்ந்த தூரிகையால் அகற்றி, ஜெல்லுடன் தனி டப்பாவில் அடைத்து மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்துள்ளோம். சீட்டில் இருந்த விவரங்களைப் பதிவேட்டில் படியெடுத்தாயிற்று.

இனி எல்லாச் சீட்டுகளையும் தனி உறையிலிட்டு மாதிரியைத் தொடாதவாறு வைக்கவும், மழைக்காலத்துக்கு முன் மேலும் டப்பாக்களும் ஈரமானிகளும் வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்